சீக்கிரம் இருட்டுகிற மாலையில் நாலு வயதும் நாலு மாதமும்: எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

மிட்ராண்ட்_அம்மா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஜோஹன்னஸ்பர்க் பக்கத்தில் மிட்ராண்டில் இருக்கிறோம். பெரியவளுக்கு நாலு வயது, சின்னவனுக்கு நாலு மாதம். பிரசவத்துக்கு வந்திருந்த அம்மா விசா முடிந்து போன மாதம் திருச்சிக்குத் திரும்பிவிட்டார். கணவர் காலையில் காரை எடுத்துக்கொண்டு போனால் வீடு திரும்ப ஆறரை, சில நாள் ஏழு. நடுவில் நானும் இரண்டு பிள்ளைகளும்தான்.

பகல் எப்படியோ ஓடிவிடுகிறது. மாலை நாலரைக்கு மேல்தான் தாங்க முடியவில்லை. பெரியவளை இரண்டு மணிக்குக் கிரெஷ்ஷிலிருந்து கூட்டி வருவேன், சாப்பிட்டுவிட்டு மூன்றரைக்குத் தூங்கினாள் என்றால் எழுந்திருக்க ஐந்தாகிவிடும். எழுந்ததும் வெளியே போகணும் என்பாள். போன மாதம் வரை போனோம், காம்ப்ளெக்ஸ் உள்ளேயே சைக்கிள் ஓட்டுவாள், நான் சின்னவனைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பேன். இப்போது ஆறு மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது, வெயில் இறங்கிய மறு நிமிடம் காற்று சில்லென்று ஆகிவிடுகிறது. வேண்டாம் என்று கதவைச் சாத்தினால் கதவருகிலேயே உட்கார்ந்து அழுகிறாள். அதே நேரத்தில்தான் சின்னவனும் ஆரம்பிக்கிறான். பால் கொடுத்தாலும் அழுகை, தோளில் போட்டாலும் அழுகை, ஏழு மணி வரைக்கும். அடுப்பில் சாதம், ஒருத்தி காலைக் கட்டிக்கொண்டு, ஒருத்தன் தோளில்.

குளிப்பாட்டுவதும் அந்த நேரத்தில்தான். இரவு நன்றாகத் தூங்குவான் என்று ஆறு மணிக்கு வெந்நீர் ஊற்றுகிறேன், ஆனால் குளியலறை ஐஸ் பெட்டி மாதிரி இருக்கிறது, துணியைக் கழற்றியதும் உடம்பெல்லாம் நடுங்க வீறிடுகிறான். எண்ணெய் தேய்க்கலாம் என்றால் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே உறைந்து கிடக்கிறது. இரண்டு கைகளாலும் தேய்த்து உருக்கி வைப்பதற்குள் அவன் பொறுமை போய்விடுகிறது.

அம்மாவிடம் போனில் கேட்டால் அங்கே சித்திரை வெயில், ஃபேனைப் போட்டுப் படுக்க வை, பெரியவளுக்கு மோர் கொடு, தலைக்கு நல்லெண்ணெய் வை என்கிறார். அவர் மேல் தப்பில்லை, இங்கே இருந்த மூன்று மாதமும் கோடையும் மழையுமாக இருந்தது, இந்தக் குளிரை அவர் பார்க்கவே இல்லை. இலையுதிர் காலத்தில் இரண்டு சிறு பிள்ளைகளோடு இந்த ஊரில் தனியாக இருந்தவர்கள், உங்கள் மாலை எப்படிப் போகிறது என்று சொல்லுங்கள். ஹீட்டர் எது வாங்கலாம் என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.


லெனேசியா_அக்கா எழுதியது:

தங்கச்சி, முதலில் ஒன்று. மாலையைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். மாலையில் இருக்கிற வேலையை எடுத்து மத்தியானத்தில் போடுங்கள். இந்த ஊரில் இலையுதிர் காலம் என்பது காலை பத்தரையிலிருந்து மூன்று மணி வரைக்கும்தான், அதற்கு முன்னும் பின்னும் குளிர்காலம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மே மாதத்தில் மத்தியானம் 19, 20 டிகிரி இருக்கும், விடியற்காலையில் 7-க்குப் பக்கத்தில் இறங்கும். கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் உட்கார்ந்திருக்கிறோம், காற்றில் ஈரம் கிடையாது, மேகம் கிடையாது, சூரியன் போனதும் சூடு அப்படியே மேலே போய்விடும். ஊரில் ராத்திரியிலும் சுவர் சுடும், அந்தப் பழக்கத்தில் இங்கே கணக்குப் போட்டால் தப்பாகிவிடும். நம் ஊர்க்காரர்கள் இங்கே வந்து ரொம்ப நாள் கழித்துத்தான் கவனிக்கிற இன்னொரு விஷயம், மே மாதத்தில் மத்தியானம் வீட்டுக்குள்தான் அதிகக் குளிர், வெளியே இல்லை. இங்கே வீடுகளுக்கு ஹீட்டிங் வைத்துக் கட்டுவதில்லை, ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், டைல்ஸ் தரை. ஸ்வெட்டரைப் போட்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பதை விட வாசலில் உட்காருவது மேல்.

அடுத்து, உங்கள் வீட்டில் வடக்குப் பார்த்த அறை எது என்று பாருங்கள். இது தெற்குப் பாதி உலகம், சூரியன் வடக்கு வழியாகப் போகும், இந்த மாதங்களில் தாழ்வாகப் போவதால் வடக்கு ஜன்னல் வழியே வெயில் அறையின் பாதி வரைக்கும் உள்ளே விழும். தெற்குப் பார்த்த அறைக்கு செப்டம்பர் கடைசி வரை வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. காம்ப்ளெக்ஸ் வீடுகளில் குளியலறை பெரும்பாலும் அந்தக் குளிர்ப் பக்கத்தில்தான் இருக்கும். குளியலறையை விட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் டப்பைக் கொண்டுவந்து வடக்கு அறையில் வெயில் விழுகிற இடத்துக்குப் பக்கத்தில் தரையில் ஒரு போர்வையை விரித்து வையுங்கள். மணி பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குக் குளிப்பாட்டுங்கள். எண்ணெய் பாட்டிலை முன்கூட்டியே ஒரு சொம்பு வெந்நீரில் நிறுத்தி வையுங்கள். 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறையும், இந்த வீடுகளில் இனி செப்டம்பர் வரைக்கும் அது உறைந்துதான் இருக்கும். துண்டை ஜன்னல் கம்பியில் போட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். குளித்த பிள்ளையைத் துடைத்து அந்த வெயிலின் ஓரத்திலேயே பால் கொடுத்தால் அவன் தூங்குவதைப் பாருங்கள். மாலையில் முகம், கழுத்து மடிப்பு, கை, இடுப்புக்குக் கீழே ஈரத்துணியால் துடைத்தால் போதும். தினமும் ராத்திரி குளிப்பாட்ட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

பெரியவளின் தூக்கத்தையும் மாற்றுங்கள். கிரெஷ்ஷிலிருந்து வந்ததும் வீட்டுக்குள் போகவே வேண்டாம். ஒரு டப்பாவில் தயிர் சாதம், ஒரு நார்ச்சி பழம் (இங்கத்திய கமலா ஆரஞ்சு), அப்படியே வெளியே. மூன்றரை வரைக்கும் ஓடட்டும். பிறகு தூங்கினாலும் முக்கால் மணி நேரத்தில் எழுப்புங்கள், முதல் வாரம் சிணுங்குவாள். நாலு வயதில் பகல் தூக்கமே வேண்டாம் என்று விடுகிற பிள்ளைகள் நிறைய, அப்படி விட்டால் ஏழு மணிக்கெல்லாம் படுத்துவிடுவாள். மழை பற்றிக் கவலை வேண்டாம், மத்தியான இடிமழைக் காலம் முடிந்துவிட்டது, இனி நீலமாக இருக்கும்.

சமையலும் காலையிலேயே. பதினொரு மணிக்குள் ராத்திரிக்கான குழம்பை முடித்து வைத்துவிட்டால், ஐந்து மணிக்கு உங்களுக்கு இரண்டு கையும் மிச்சம். நாலரைக்கே, வெயில் இன்னும் ஜன்னலில் இருக்கும்போதே திரைச்சீலையை இழுத்துவிடுங்கள். இருட்டிய பிறகு இழுத்தால் அன்றைக்குச் சேர்ந்த சூடு அதற்குள் போயிருக்கும்.

ஹீட்டர் என்றால் எண்ணெய் நிரப்பிய ஆயில் ஹீட்டர்தான். மெதுவாகச் சூடாகும், ஆனால் சிவப்பாகக் கனல்கிற கம்பி எதுவும் வெளியே இல்லை. நாலு வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில் கம்பி ஹீட்டர் வேண்டாம். கேஸ், பாரஃபின் (மண்ணெண்ணெய்), கரி எதையும் மூடிய அறையில் எரிக்கவே எரிக்காதீர்கள்.


சாட்ஸ்வொர்த்_ஆயா எழுதியது:

வணக்கம் மகளே. நான் டர்பன்காரி, நாலு தலைமுறையாக இங்கே. எங்கள் பக்கம் இந்த மாதங்கள்தான் வருடத்திலேயே நல்ல காலம், வேர்வை நின்றுவிடும், பகலில் 25, 26 டிகிரி, இரவில் ஒரு மெல்லிய போர்வை போதும். அதனால் உங்கள் குளிருக்கு நான் வைத்தியம் சொல்ல முடியாது. ஆனால் தனியாக இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு மாலை நேரத்தைக் கழிப்பது எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் இரவு ஷிப்ட்டுக்குக் கிளம்புகிற நேரம் அதுதான்.

நான் பிறந்து வளர்ந்தது டோங்காட்டில், சுற்றி எங்கும் கரும்பு. ஏப்ரல், மே வந்தால் வெட்டுக் காலம் ஆரம்பிக்கும், வெட்டுவதற்கு முன் தோட்டத்துக்குத் தீ வைப்பார்கள், கொடியில் காய்கிற குழந்தைத் துணி மேல் கருப்புச் சாம்பல் துணுக்கு துணுக்காக வந்து விழும். உதறினால் போகாது, தேய்த்தால் இழுத்துக்கொண்டு கோடாகிவிடும். என் அம்மா என்னை எதிரில் உட்கார வைத்து ஒவ்வொரு துணியையும் விரித்துப் பிடிக்கச் சொல்லி ஊதி ஊதி எடுப்பார், இடையில் தம்பியைத் தூளியில் ஆட்டிக்கொண்டே பாட்டு. எனக்கு அப்போது ஐந்து வயது இருக்கும். அந்த வேலை என்னுடையது, என்னை விட்டால் ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பேன். அதைத்தான் சொல்ல வருகிறேன். பெரியவளுக்கு ஐந்து மணிக்கென்று ஒரு வேலை கொடுங்கள், விளையாட்டு வேலை இல்லை, நிஜ வேலை. என் பேத்திக்கு விளக்கு. கையைக் கழுவிக்கொண்டு வந்து திரியைப் போடுவாள், எண்ணெய் ஊற்றுவாள், நான் ஏற்றுவேன், அவள் மணி அடிப்பாள். வெளியே இருட்டுவது அவளுக்கு வருத்தமாக இல்லை, விளக்கு வைக்கிற நேரம் வந்துவிட்டது என்று அவளே வந்து கூப்பிடுவாள். நெருப்பை மட்டும் உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு, கடையில் மடும்பி வந்திருக்கும் பாருங்கள், நம் சேப்பங்கிழங்கு வகைதான். தோலோடு உப்புப் போட்டு வேக வைத்துச் சூடாகக் கொடுத்தால் பெரியவள் கையால் உரித்துச் சாப்பிடுவாள், அரை மணி நேரம் சத்தமே வராது. உரித்துக் குழம்பு வைக்கிற கட்ரா பீன்ஸும் இப்போது கிடைக்கும், காலையிலேயே ஒரு பெரிய சட்டி குழம்பு வைத்துவிட்டால் இரண்டு நாளைக்கு ஆச்சு.

சின்னவனுக்குக் குளித்ததும் கொஞ்சம் சாம்பிராணிப் புகை காட்டுங்கள், மாலை அழுகைக்கு அரை ஸ்பூன் ஓமத் தண்ணீர். எங்கள் காலத்தில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் வளர்ந்தார்கள். ஈஸ்டருக்கு எங்கள் டர்பன் பக்கம் மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் திருவிழாவுக்கு வர முடிந்தால் வாருங்கள் மகளே, கைக்குழந்தையோடு எத்தனையோ பேர் வருவார்கள், உங்களுக்கும் ஊருக்குப் போய் வந்த மாதிரி இருக்கும்.


வார்டு_நர்ஸ் எழுதியது:

குழந்தைகள் வார்டில் வேலை செய்கிறேன், அதனால் இதில் பேசாமல் இருக்க முடியவில்லை. ஆயா சொன்ன விளக்கு வேலை அருமை, அதை அப்படியே செய்யுங்கள். சாம்பிராணியும் ஓமத் தண்ணீரும் மட்டும் வேண்டாம் ஆயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த மாதங்கள்தான் எங்கள் வார்டில் படுக்கை நிரம்புகிற மாதங்கள். ஆர்.எஸ்.வி. என்கிற வைரஸ் இந்த நாட்டில் இலையுதிர் காலத்தில்தான் அதிகம் பரவும், ஃப்ளூ அதற்குப் பின்னாலேயே வரும். பெரியவர்களுக்கு அது வெறும் சளி, நாலு மாதக் குழந்தைக்கு நுரையீரலின் நுண்ணிய குழாய்கள் அடைத்துக்கொள்ளும். ஏற்கனவே வறண்ட காற்று, மாலையானால் புல் எரிகிற புகையும் கரிப் புகையும் தரையோடு தங்கிவிடும், குளிர்ந்த காற்று கீழே அடைந்து கிடப்பதால் மேலே போக வழியில்லை. அதற்கு மேல் நாமே வீட்டுக்குள் புகை போட வேண்டாம். லெனேசியா அக்கா மத்தியானம் வெளியே போகச் சொன்னது இதற்கும் நல்லது.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான், அல்லது மருத்துவர் சொன்ன புட்டிப்பால். தண்ணீர், ஓமத் தண்ணீர், இங்கே பலர் கொடுக்கிற ரூய்போஸ் மூலிகை டீ எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயது வரைக்கும் நாக்கில் தொட்டுக்கூட வைக்கக் கூடாது. எண்ணெய் உடம்பில் தேய்ப்பதோடு சரி, மூக்கிலும் காதிலும் விடாதீர்கள், மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரை போகலாம். மூக்கு அடைத்தால் சலைன் சொட்டு மருந்து, பால் கொடுப்பதற்குக் கொஞ்ச நேரம் முன்பு.

ஜன்னல் வெயிலில் குளிப்பாட்டுவது நல்ல யோசனை, ஆனால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையை நேர் வெயிலில் படுக்க வைக்காதீர்கள். இந்த உயரத்தில் குளிர் காலத்திலும் வெயில் கடுமைதான், சுடாதது மாதிரி இருந்துகொண்டே தோலைச் சுடும். வெயிலின் சூடு போதும், வெயில் மேலே விழ வேண்டியதில்லை.

தூங்கும்போது மல்லாக்கப் படுக்க வையுங்கள். தளர்வான போர்வை, தலையணை, கம்பளித் தொப்பி எதுவும் தொட்டிலில் வேண்டாம். கை கால் சில்லென்று இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், பிடரியைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருந்தால் சரி, வேர்த்திருந்தால் துணி அதிகம். நாம் போட்டிருப்பதை விட ஒரு அடுக்கு கூட, அவ்வளவுதான். எலக்ட்ரிக் போர்வை குழந்தைக்குக் கூடவே கூடாது.

ஃப்ளூ ஊசி ஆறு மாதம் முடிந்த பிறகுதான் போட முடியும். அதனால் அவனைச் சுற்றி இருப்பவர்கள் போட்டுக்கொள்ளுங்கள், நீங்கள், கணவர், பெரியவள். ஏப்ரல் வாக்கில் மருந்துக் கடைகளிலேயே கிடைக்கும். பெரியவளுக்கு இதுதான் முதல் தடவை என்றால் நாலு வார இடைவெளியில் இரண்டு ஊசி. கிரெஷ்ஷிலிருந்து வந்ததும் கை கழுவி, மேல் சட்டையை மாற்றிவிட்டுத்தான் தம்பியைத் தொட வேண்டும் என்று பழக்குங்கள், முத்தம் காலில் கொடுக்கட்டும். சின்னவனின் ரோட் டு ஹெல்த் புத்தகத்தில் (தடுப்பூசியும் எடையும் குறிக்கிற புத்தகம்) 14 வாரத்து ஊசி பதிவாகியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள், அடுத்தது ஆறாவது மாதம்.

மூச்சு வேகமாக வாங்கினால், மூச்சை உள்ளே இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழிந்தால், பால் குடிக்க மறுத்தால், ஈரமாகிற டயப்பர் வழக்கத்தைவிடக் குறைந்தால், காலை வரைக்கும் காத்திருக்காதீர்கள். உடனே கிளம்புங்கள்.

மாலை அழுகை பற்றிச் சொல்லிவிடுகிறேன், பால் நன்றாகக் குடிக்கிறான், எடை ஏறுகிறது என்றால் அது நோய் இல்லை. இந்த வயதில் நிறையப் பிள்ளைகளுக்கு அந்த நேரம் அப்படித்தான், இன்னும் கொஞ்ச நாளில் குறையும். விளக்கை மங்கலாக்கி, டிவியை நிறுத்தி, துணியால் நெஞ்சோடு கட்டிக்கொண்டு நடங்கள். முகம் தெரிகிற மாதிரி, தாடை நெஞ்சில் அழுந்தாத மாதிரி கட்டுங்கள். இங்கே நிறையத் தாய்மார் முதுகில் கட்டிக்கொண்டுதான் வேலை பார்க்கிறார்கள், அதற்கு அவன் தலை நன்றாக நிற்கட்டும்.


சாட்ஸ்வொர்த்_ஆயா எழுதியது:

கோபம் எதற்கு, நீ படித்தவள், பிள்ளைக்கு நல்லது என்றால் சரிதான். புகை வேண்டாம் மகளே. பாட்டு பாடுங்கள், அதற்கு எந்த டாக்டரும் தடை சொல்ல மாட்டார்.


மிட்ராண்ட்_அம்மா எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. படித்துவிட்டு உடனே எழுதவில்லை, செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். எங்கள் வீட்டில் வடக்குப் பார்த்தது மாடிப் படிக்குக் கீழே இருக்கிற சாப்பாட்டு இடம். நாற்காலியை நகர்த்திவிட்டு அங்கேதான் இப்போது குளியல். நேற்று எண்ணெய் தேய்க்கும்போது கையை நீட்டி டப்பில் ஆடுகிற வெளிச்சத்தைப் பிடிக்கப் பார்த்தான். அழவே இல்லை. மாலை அழுகை இன்னும் இருக்கிறது, ஆனால் நான் அடுப்பருகில் நிற்பதில்லை என்பதால் தாங்க முடிகிறது.

பெரியவளுக்கு விளக்கு வேலை பிடித்துவிட்டது. ஆனால் ஒன்று, அப்பா வந்ததும் அவர் நேராகச் சின்னவனைத்தான் வாங்கிக்கொள்கிறார், எனக்கு ஓய்வு வேண்டுமே என்று. அப்போது அவள் முகம் சுருங்கிவிடுகிறது. நேற்று “தம்பியைப் பாட்டியோட அனுப்பியிருக்கலாம்” என்றாள். கேட்டதிலிருந்து மனசே சரியில்லை.


பிரிட்டோரியா_அப்பா எழுதியது:

இதை நான் சொல்ல வேண்டும். கதவைத் திறந்ததும் அப்பா முதலில் பெரியவளைத்தான் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் பத்து நிமிடம், பையைக்கூடக் கீழே வைக்காமல் மகன் கையைப் பிடித்துக்கொண்டு டார்ச்சோடு வாசலைச் சுற்றி வருவோம். இருட்டில் வெளியே போவது அவனுக்குத் திருவிழா. ஜாக்கெட், தொப்பி, டார்ச் அவன் கையில். சுவர் மேல் பல்லி, செடிக்கடியில் நத்தை, எதிர்வீட்டுப் பூனை, அன்றைக்கு என்ன கிடைக்கிறதோ அது. அதன் பிறகு உள்ளே வந்து கை கழுவிவிட்டுக் குழந்தையை வாங்குவேன். என் மனைவிக்கு அந்தப் பத்து நிமிடம் கூடுதல் சிரமம்தான், ஆனால் அதற்குப் பிறகு ராத்திரி முழுக்க வீடு அமைதியாக இருக்கும், அதனால் அவளே அனுப்பி வைப்பாள். பாட்டியோடு அனுப்பியிருக்கலாம் என்றதற்கு மனசை விட்டுவிடாதீர்கள். பாட்டி போனதுதான் அவளுக்கு வருத்தம் என்று எனக்குப் படுகிறது. மூன்று மாதம் கூடவே இருந்து கதை சொன்னவர் ஒருநாள் ஏர்போர்ட்டில் மறைந்துவிட்டார். வீடியோ காலில் பாட்டியிடம் அவளைத் தனியாகப் பேச விடுங்கள், சின்னவனைக் காட்டாமல். நமக்கும் அங்கேயும் மூன்றரை மணி நேரம் வித்தியாசம், கிரெஷ்ஷிலிருந்து வந்து மூன்று மணிக்குக் கூப்பிட்டால் பாட்டிக்கு ஆறரை, சரியாக இருக்கும்.

சனிக்கிழமை பெரியவளை மட்டும் கூட்டிக்கொண்டு அப்பா எங்காவது போகட்டும். ரூடிபோர்ட் பக்கம் வால்டர் சிசுலு தாவரப் பூங்கா இருக்கிறது, அருவிக்குப் பக்கத்துப் பாறையில் கருங்கழுகு கூடு வைக்கும், இந்தக் காலத்தில்தான் கூட்டைச் சரிசெய்யச் சுள்ளி தூக்கி வரும். ஒரு பைனாகுலர் எடுத்துக்கொண்டு போனால் பிள்ளைகள் நகர மாட்டார்கள். அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் பழைய குடியிருப்புத் தெருக்களில் பிளேன் மரம் வரிசையாக நிற்கும், இலை முழங்கால் வரைக்கும் குவிந்து கிடக்கும், குதிக்க விடுங்கள். ஏப்ரல் 27-ம் மே 1-ம் விடுமுறை வேறு வருகிறது, நாலு பேருமாகவும் போகலாம்.


மிட்ராண்ட்_அம்மா எழுதியது:

கணவரிடம் இதைப் படித்துக் காட்டினேன். இன்றைக்கு வரும்போதே டார்ச் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். பாட்டி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை அண்ணா, நன்றி.

இன்னும் ஒன்று கேட்கலாமா? இட்லி மாவு. அம்மா இருந்தவரை ராத்திரி அரைத்தால் காலையில் பொங்கி வழியும், இப்போது மறுநாள் மாலை வரைக்கும் அசையாமல் கிடக்கிறது. காலையிலேயே சமையலை முடிக்க இட்லிதான் எனக்குக் கைகொடுக்கும்.


லெனேசியா_அக்கா எழுதியது:

ஓவனை ஐந்து நிமிடம் லேசாகச் சூடு பண்ணி அணைத்துவிடுங்கள், கையை உள்ளே வைத்தால் இதமாக இருக்க வேண்டும், சுடக் கூடாது. மாவைக் கையால் நன்றாகக் கலக்கி, பாத்திரத்தைத் துண்டால் சுற்றி உள்ளே வைத்து, ஓவனுக்குள் இருக்கிற லைட்டை மட்டும் எரிய விட்டுக் கதவைச் சாத்துங்கள். ஊறப் போடும்போது ஒரு ஸ்பூன் வெந்தயம் கூடப் போடுங்கள், உப்பைக் கலக்கும்போதே சேர்த்துவிடுங்கள். பதினான்கு மணி நேரம் ஆகும், அதனால் மாலை ஐந்துக்குள் அரைத்து வைத்தால்தான் காலை ஏழுக்குக் கிடைக்கும். ஓவன் கதவில் ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள், கணவர் தெரியாமல் ஓவனைப் போட்டுவிடப் போகிறார்.